நட்சத்திரமாக இல்லாத தற்காப்பு ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

சிப்புட் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு வயது 20. நடுத் தற்காப்பில் ஆடுகிறான். செம்பனைத் தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கத் தொடங்கி, பள்ளி, மாவட்டம், மாநில இளையோர் குழு என்று படிப்படியாக வந்தவன். இப்போது வேறொரு மாநிலத்துக் குழு ஒன்று அவனுக்கு ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்துள்ளது.

வீட்டில் இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. அத்தான் இன்னமும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். பையன் தொழிற்திறன் சான்றிதழை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் குடும்பம் தலையெடுக்கும் என்பது அவருடைய எண்ணம். பையனோ காற்பந்தைத் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. ஆனாலும் அவன் கனவுலகில் இருப்பவன் அல்லன். தேசியக் குழுவுக்கு ஆடுவேன் என்றோ பெரும்பணம் சம்பாதிப்பேன் என்றோ அவன் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. "பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடிச் சம்பாதிக்க முடியும் மாமா, எந்தக் குழுவாக இருந்தாலும் போவேன்" என்று மட்டும் சொல்கிறான்.

என் கேள்வி இதுதான். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் குழுவுக்குக் குழு மாறிக்கொண்டே இருக்கும் சாதாரணத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி அமைகிறது? அதை வாழ்ந்தவர்களும் அருகிலிருந்து பார்த்தவர்களும் சொல்லுங்கள். ஊக்கமூட்டும் வார்த்தைகளைவிட விவரங்களே எங்களுக்கு இப்போது தேவைப்படுகின்றன.

முன்னாள் தற்காப்பாளர்:

வணக்கம் ஐயா. நான் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவன். மேல் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் பல குழுக்களுக்கு ஆடியிருக்கிறேன். எந்த நாளிதழும் என் படத்தைப் பெரிதாகப் போட்டதில்லை. ஆனாலும் அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கையின் திருமணம் நடந்தது, வீட்டுக்கு முன்பணமும் கட்டினேன். ஆகவே முடியாத காரியம் என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் பையன் புரிந்துகொள்ள வேண்டியது, குழுக்கள் எதற்காக இத்தகைய ஆட்டக்காரரைத் தேடுகின்றன என்பதை. பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் புதிய பயிற்றுநர் ஒருவர் வந்து சேர்வார். அவருக்குப் பின்வரிசையை ஒழுங்குபடுத்த நேரமே இருக்காது. தன் முறையை முன்பே அறிந்த ஒருவர், காலையில் சொன்னதை மாலையில் செய்யக்கூடியவர், பக்கத்தில் ஆடும் இளைஞனை வழிநடத்தக்கூடியவர் அவருக்குத் தேவைப்படுகிறார். அதனால் பழைய குழுவில் தன்னிடம் ஆடியவரைத் தொலைபேசியில் அழைப்பார். எனக்குக் கிடைத்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவையே. முகவர்கள் பிறகுதான் வந்தார்கள். உங்கள் பையன் எந்தப் பயிற்றுநரிடம் ஆடினாலும் அவர் மனத்தில் நம்பிக்கையானவன் என்ற பெயரை வாங்கிவிட வேண்டும். அவர் வேறு மாநிலத்துக்குப் போகும்போது அந்தப் பெயரும் அவரோடு போகும்.

இரண்டாவது, இந்தத் தொழிலின் நுட்பம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தற்காப்பு என்றால் பந்தைப் பறிப்பது என்று நினைக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த திடலை எண்ணிப் பாருங்கள். எதிரணியின் தாக்குதல் ஆட்டக்காரர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், அவரை நோக்கிப் பந்து வருகிறது. முந்திப் பாய்ந்து அதை எடுத்துவிடலாம் என்று இளம் தற்காப்பாளருக்குக் கால் துடிக்கும். ஆனால் ஈரப் புல்லில் பந்து எதிர்பார்த்த இடத்துக்கு வராமல் நடுவில் நின்றுவிட்டால், பாய்ந்தவர் அதைத் தாண்டிப் போய்விடுவார், எதிராளி ஒரே சுழலில் கோல்காவலருக்கு நேரே நிற்பார். பழகியவர் ஒரு கை தூரம் விட்டு, உடலைப் பாதி திருப்பி, ஒரு காலைப் பின்னே வைத்து நிற்பார். எதிராளி தொடுகோட்டுப் பக்கம் மட்டுமே திரும்ப முடியும்படி வழியை அடைத்திருப்பார். பந்து வந்து சேர்வதற்குள் இரண்டு முறை தோளுக்கு மேலே திரும்பி, பின்னால் யார் ஓடுகிறார் என்று பார்த்தும் இருப்பார். எதிரணி பந்தைப் பின்னோக்கித் தள்ளிய மறுகணமே "நாயேக்" (மேலே ஏறு) என்று குரல் கொடுத்து நான்கு பேரையும் ஒருசேர முன்னே ஏற்றுவார். இவற்றில் எதுவும் தொலைக்காட்சியின் சிறப்புக் காட்சிகளில் வருவதில்லை. பயிற்றுநர்கள் இதைப் பார்த்துத்தான் சம்பளம் தருகிறார்கள்.

மூன்றாவது, இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டுக் குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களைப் பெரும்பாலும் முன்வரிசைக்கும் நடுத் தற்காப்புக்குமே ஒதுக்குகின்றன. உயரமான வெளிநாட்டவர் ஒருவர் வந்துவிட்டால் உள்ளூர்ப் பையன் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கைக்குப் போய்விடுவான். வலப்புறத் தற்காப்பிலோ தற்காப்பு சார்ந்த நடுத்திடலிலோ ஆட முடிந்தவனுக்கு அப்போதும் இடம் உண்டு. பையன் இடதுகால் ஆட்டக்காரனாக இருந்தால் அது பெரிய வரம். இடதுகால் நடுத் தற்காப்பாளர் எங்கும் குறைவு.

திடலோரம்:

முன்னாள் தற்காப்பாளர் சொன்ன மூன்றாவது கருத்துக்கு நம்மவரிலேயே சான்று உண்டு. எஸ். குணாளன் நெகிரி செம்பிலானில் இறக்கை ஆட்டக்காரராக, அதாவது திடலின் ஓரத்தில் ஓடித் தாக்குபவராக, பெயர் பெற்றவர். 2009 மலேசியக் கிண்ணத்தை வென்ற குழுவிலும், 2010 இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்து ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தை வென்ற தேசியக் குழுவிலும் இருந்தவர். பிறகு சிலாங்கூர் வழியாக ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவுக்குச் சென்று, அங்கே வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறி நீண்ட காலம் நிலைத்தார். அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடம் மாறி ஆடச் சம்மதித்தது ஒருவரது தொழில் ஆயுளை எவ்வளவு நீட்டிக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிப்புட் வாசியின் அத்தானைப் போன்ற பெரியவர்களின் மனத்தில் இருப்பது வேறொரு காலத்துக் காற்பந்து. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவரும் நாட்டின் குழுத்தலைவராக விளங்கியவருமான எம். சந்திரன் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். அவருக்குப் பின் சோ சின் ஆன், சந்தோக் சிங் இருவரும் நடுத் தற்காப்பில் சுவராக நின்றார்கள். 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவிலும் அவர்கள் இருந்தார்கள், நாடு புறக்கணித்ததால் அந்தப் பயணம் நடக்கவில்லை. அந்தத் தலைமுறையின் ஆட்டக்காரர்கள் காற்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அரசுத் துறையிலோ வங்கியிலோ வேலை இருக்கும், மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கால் உடைந்தாலும் வேலை போகாது.

1989 இல் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்தது, 1994 இல் முழுத் தொழில்முறைக்கு மாறினோம். அதற்குப் பிறகு ஆட்டக்காரர் என்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. பழைய பாதுகாப்பு போய்விட்டது, அதற்கு ஈடாக வந்திருக்க வேண்டிய தொழிலாளர் பாதுகாப்பு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பையனின் தந்தை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அவர் ஆட்டத்தை வெறுக்கிறார் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

ஈப்போ கணக்கர்:

என் வேலை கணக்கு பார்ப்பது. சில ஆட்டக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கைத் தயாரித்துத் தருகிறேன். ஆகவே பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ரோ 2016 இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 14,000 ஆட்டக்காரர்களிடம் ஆய்வு நடத்தியது. அவர்களில் 41 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகக் கிடைத்த அனுபவம் உள்ளவர்கள். ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் மாத வருமானம் 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவு. சராசரி ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டைக்கூட எட்டவில்லை. இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நோய் அன்று என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன்.

ஆனால் நம் நாட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. குழுவே இல்லாமல் போய்விடும். 2006 இல் எம்பிபிஜே, பப்ளிக் பேங்க் குழுக்கள் லீக்கை விட்டுப் போயின. இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழுவாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டியாகப் பெயர் மாறி, வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமலே சூப்பர் லீக்கில் ஆடிக் காட்டிய குழு 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. நம் பிள்ளைகள் பலருக்கு அது மேல் பிரிவுக்கான வாசலாக இருந்தது என்பதால், அந்த இழப்பைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. 2025/26 பருவத்துக்கு முன்னால் நம் பேராக் குழுவே சூப்பர் லீக்கிலிருந்து விலகியது, கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. இவை நேற்று முளைத்த குழுக்கள் அல்ல. பேராக் 2018 இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு.

எனவே கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஊழியர் சேமநிதிக்கு ஆட்டக்காரரின் பங்கு 11 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவருக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு மாதமும் சேமநிதியின் ஐ-அக்காவுன் கணக்கைத் திறந்து, பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சேமநிதி மட்டும் நிற்குமானால், குழுவின் பணப்பை வற்றத் தொடங்கிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அடுத்து, ஃபிஃபா விதிமுறைகளின்படி இரண்டு மாதச் சம்பளம் சட்டத்துக்குப் புறம்பாக நிலுவையில் இருந்தால், ஆட்டக்காரர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்த பிறகும் தீர்வு இல்லையென்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பையனின் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை, கடிதமாகக் கொடுத்தால்தான் நாள் எண்ணப்படும்.

சிப்புட் வாசி:

கணக்கர் ஐயாவுக்கு நன்றி. ஒப்பந்தத்தை நேற்றிரவு மீண்டும் படித்தோம். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும், "பயணப்படி" என்ற பெயரில் பெரிய தொகையாகவும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மொத்தத்தில் அதே பணம்தானே என்று பையன் கேட்கிறான். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?

ஈப்போ கணக்கர்:

உண்டு ஐயா. சேமநிதிச் சட்டத்தில் பயணப்படி சம்பளமாகக் கொள்ளப்படுவதில்லை, ஆகவே அந்தத் தொகைக்கு முதலாளி பங்கு கட்ட வேண்டியதில்லை. கையில் வருவது அதே பணமாக இருந்தாலும் சேமிப்பில் ஏறுவது குறைந்துவிடும். பின்னாளில் நிலுவைக்காக வழக்காட நேர்ந்தால், எது சம்பளம், எது படி என்ற வாக்குவாதமும் எழும். உண்மையில் பயணத்துக்கு ஆகும் செலவுக்கு ஏற்ற அளவே பயணப்படியாக இருக்கட்டும், மீதியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

எல்லாரும் ஒப்பந்தம் தொடர்ந்து கிடைக்கும் என்ற நிலையிலிருந்தே பேசுகிறீர்கள். நான் பல ஆண்டுகளாகத் தோட்டப்புறப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஓடியாடிய பிள்ளைகள் 25, 26 வயதில் முழங்காலில் கட்டோடு வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் இன்று எங்கள் பள்ளிக்கு எதிரே வாகனம் கழுவும் கடையில் நிற்கிறான். திறமையில் அவன் எவருக்கும் குறைந்தவன் இல்லை.

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் போட்டியில் இறங்க ஆறு முதல் ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். ஒப்பந்தமோ ஓராண்டு. பருவத்தின் நடுவில் காயம் பட்டால், அவன் குணமாவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆடாத ஒருவனை எந்தப் பயிற்றுநர் தொலைபேசியில் அழைப்பார்? அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது, ஒப்பந்தம் முடிந்த பின்னும் இயன்முறைச் சிகிச்சை தொடருமா, காயக்காலத்தில் முழுச் சம்பளம் உண்டா, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்வார்களா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தொழிற்திறன் சான்றிதழை முதலில் முடிக்கட்டும் என்றுதான் சொல்வேன். அது கையில் இருந்தால் பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

முன்னாள் தற்காப்பாளர்:

ஆசிரியை அம்மா சொல்லும் காயத்தைப் பற்றிய கருத்தில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். அந்த வாசகங்கள் இல்லாமல் கையெழுத்திடவே கூடாது. ஆனால் சான்றிதழை முதலில் முடிக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 20 முதல் 23 வரையிலான வயதுதான் தற்காப்பு ஆட்டக்காரருக்கு வாசல் திறந்திருக்கும் காலம். அந்த வயதில் முதிர்ந்தவர்களுக்கு எதிராக ஆடிப் பழகாதவனை 24 வயதில் எவரும் முதன்முறையாகப் பதிவு செய்ய மாட்டார்கள். பற்றவைப்பையோ மின்கம்பி வேலையையோ 25 வயதிலும் கற்கலாம். அதே சமயம் வாசலுக்குள் போய்விட்டவனுக்குக் காலம் சற்றுத் தாராளமாகவே இருக்கிறது. வேகத்தை மட்டும் நம்பும் இறக்கை ஆட்டக்காரர் முப்பதை நெருங்கும்போது தளர்வார். இடம் அறிந்து நிற்கும் நடுத் தற்காப்பாளர் முப்பதுகளின் நடுப்பகுதி வரை ஆடுவது வழக்கம்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் ஆட்ட முடிவை விலைபேசிய ஊழல் நம் லீக்கையே உலுக்கியது, ஏராளமான ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். விலைபேச வருபவர்கள் முதலில் அணுகுவது கோல்காவலரையும் தற்காப்பாளர்களையும்தான், ஏனென்றால் கோல் விடுவது அவர்கள் கையில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் ஃபிஃப்ரோ 2012 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி அணுகப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் நேரத்துக்குக் கிடைக்காதவர்களாக இருந்தார்கள். எனக்கும் ஒரு குழுவில் மூன்றாவது மாதமாகச் சம்பளம் வராதிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் உணவுக்கடையில் என் மேசைக்கு வந்து அமர்ந்து, வீட்டுக்கடன் எவ்வளவு இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். நான் தேநீருக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனேன், அன்றே குழு மேலாளரிடமும் தெரிவித்தேன். பையனிடம் இதை இப்போதே, அவன் கையில் காசு இருக்கும்போதே பேசி வையுங்கள். குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்துக்கொள்ளப் பழக்குங்கள், ஏனென்றால் வறுமையில் இருப்பவனின் நேர்மையைத்தான் அவர்கள் சோதிப்பார்கள்.

எம்3 ஆட்டக்காரர்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வயது 24, நானும் தற்காப்பில்தான் ஆடுகிறேன். பகலில் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்று அப்போது மூன்றாம் பிரிவாக இருந்த எம்3 லீக்கில் ஆடியவன். 2024 இல் தொடங்கிய ஏ1 பகுதிநேரத் தொழில்முறை லீக்கையும் சிப்புட் வாசி அண்ணன் கணக்கில் கொள்ளலாம். பணம் குறைவு, பயணம் அதிகம். இரவுப் பணி முடித்து நேரே பேருந்தில் ஏறி ஆட்டத்துக்குப் போன நாள்களும் உண்டு. ஆனால் வாரந்தோறும் 90 நிமிடம் ஆட முடிகிறது. மேல் பிரிவுக் குழுவில் பெயர் இருந்தும் ஒரு பருவம் முழுக்க இறங்கவே இல்லாத என் நண்பனைவிட, என் ஆட்டத்தைப் பார்த்த பயிற்றுநர்கள் அதிகம்.

அதனால் தம்பி அந்தக் குழுவிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். நடுத் தற்காப்பில் ஏற்கெனவே எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள்? முதல் குழுவில் இடம் கிடைக்காவிட்டால் இளையோர், மாற்றுக் குழுக்களுக்கான எம்எஃப்எல் கிண்ணப் போட்டியில் ஆட விடுவார்களா, அல்லது நடுப்பருவப் பதிவுக் காலத்தில் வேறு குழுவுக்கு இரவலாக அனுப்புவார்களா? இளம் தற்காப்பாளருக்கு ஆடாத ஓராண்டு பெரிய இழப்பு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

தம்பி, இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும் என்று நீங்களே காட்டுகிறீர்கள். அப்படியானால் இந்தப் பையனும் ஆடிக்கொண்டே பகுதிநேரமாகச் சான்றிதழுக்குப் படிக்கலாமே. முன்னாள் தற்காப்பாளர் ஐயா சொல்வது போல வாசல் மூடிவிடும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் முப்பத்தைந்து வயதில் அந்த வாசலுக்கு வெளியே வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் வருபவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

முன்னாள் தற்காப்பாளர்:

அதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆட்டக்காரருக்குப் பயிற்சி போக நாளில் பாதி காலியாகத்தான் இருக்கும், அதைத் திறன்பேசியில் கழிப்பவர்களே அதிகம். படிப்போடு பயிற்றுநர் உரிமத்தையும் ஆடும்போதே தொடங்கிவிட வேண்டும். நான் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி உரிமத்தை ஆடிக்கொண்டிருந்தபோதே எடுத்தேன். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்துச் சம்பாதிப்பது அதனால்தான்.

சிப்புட் வாசி:

நீங்கள் அனைவரும் எழுதியவற்றை அச்செடுத்து அத்தானிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். காயத்தைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தார். பிறகு பையனை அழைத்து, "சம்பளம் ரெண்டு மாசம் நின்னா கடிதம் கொடுப்பியா, இல்ல வெக்கப்பட்டுகிட்டு இருப்பியா?" என்று கேட்டார். கொடுப்பேன் என்றான்.

குழுவிடம் நான்கு மாற்றங்களை எழுத்தில் கேட்டோம். பயணப்படியைக் குறைத்து அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கவும், காயத்துக்கான சிகிச்சையை ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடரவும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாத நிலுவை குறித்த வாசகத்தைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், திருத்திய ஒப்பந்தப் படி இன்னும் வரவில்லை. இரவலாக அனுப்புவது பற்றி மட்டும் உறுதி தர மறுத்துவிட்டார்கள். திருத்திய படி கைக்கு வந்த பிறகே கையெழுத்து என்று அத்தான் உறுதியாக இருக்கிறார்.

ஈப்போ கணக்கர்:

நல்ல முடிவு. படி வந்ததும் எல்லாப் பக்கங்களிலும் இரு தரப்பும் கையொப்பமிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பமிட்ட மூலப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், நகலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சேமநிதியில் முதல் பங்கு ஏறிவிட்டதா என்று அடுத்த மாத நடுவில் பாருங்கள். ஏறவில்லையென்றால் இங்கே எழுதுங்கள், அடுத்து எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடிதம் என்பதைச் சொல்கிறேன்.